சூரியனுக்குள் ஒரு காந்தம்: கொடைக்கானல் மலையில் ஒரு தம்பதியின் ஆராய்ச்சி

கொடைக்கானல் என்றதும் நமக்கெல்லாம் என்ன ஞாபகம் வரும்? ஏரியில் படகு, கோக்கர்ஸ் வாக், பேரிக்காய், பிளம்ஸ், மலைப்பூண்டு, யூகலிப்டஸ் தைலம், வீட்டில் செய்த சாக்லேட்... வாங்கி வந்ததை அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்து முடித்தால் டூர் முடிந்தது! ஆனால் அதே ஊரின் மேட்டில், கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் ஒரு வானாராய்ச்சிக் கூடம் இருக்கிறது. 1904-ம் வருஷத்திலிருந்து, மேகம் விலகி வெயில் தெரிகிற நாளெல்லாம் அங்கே சூரியனைப் படம் பிடித்துப் பத்திரப்படுத்தி வருகிறார்கள். ஏரியைச் சுற்றிவிட்டுத் திரும்பி விடுகிற நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அந்த மேட்டில்தான் 1907-லிருந்து 1923 வரை ஜான் எவர்ஷெட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானியும் அவர் மனைவி மேரியும் ஆராய்ச்சி செய்தார்கள். கணவருக்கு அரசாங்க உத்தியோகம், சம்பளம். மனைவிக்கு இரண்டும் கிடையாது. உழைப்பு மட்டும் இரண்டு பேருடையதும்.

'பௌதிக சமாசாரம், நமக்கெதற்கு?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் காந்தம் வருகிறது, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வருகிறது, கரண்ட் கட்கூட வருகிறது!

பஞ்சம் கட்டிய கட்டிடம்

தாது வருஷப் பஞ்சம் என்று வீட்டுப் பெரியவர்கள் பேச்சில் கேட்டிருப்போம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையே சூறையாடிய பஞ்சம். லட்சக்கணக்கான ஜனங்கள் பட்டினியாலும் நோயாலும் மாண்டார்கள். மழை எப்போது பொய்க்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் தானியத்தைச் சேர்த்து வைக்கலாமே என்று அதற்குப் பிறகுதான் சர்க்காருக்கு யோசனை வந்தது.

சூரியனின் முகத்தில் கரும்புள்ளிகள் தோன்றி மறைவது உண்டு. சுமார் 11 வருஷத்துக்கு ஒரு தரம் அவை நிறைய வரும், பிறகு குறையும். (நம் பழனி மலைக் குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒரு தரம். இவர் அதற்கு ஒரு வருஷம் இளையவர்!) இந்தப் புள்ளிகளின் ஏற்ற இறக்கத்துக்கும் மழைக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அந்தக் காலத்தில் சில விஞ்ஞானிகள் நம்பினார்கள். சரி, சூரியனைத் தினமும் கவனிக்க ஒரு நல்ல இடம் வேண்டும். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-லேயே வானாராய்ச்சிக் கூடம் இருந்தது. ஆனால் கடற்கரை ஊரின் புழுக்கத்திலும் தூசியிலும் சூரியனின் உருவம் கானல் நீர் மாதிரி ஆடுமே! மிச்சி ஸ்மித் என்பவர் நீலகிரியிலும் பழனி மலையிலும் ஏறி இறங்கிப் பார்த்தார். கடைசியில் தேர்வானது கொடைக்கானல். 1895-ல் கவர்னர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார். 1901-ல் அங்கே கவனிப்பு வேலை ஆரம்பமாயிற்று.

புள்ளியை எண்ணி அடுத்த வருஷத்து மழையைச் சொல்லும் அந்த ஆசை பலிக்கவில்லை. ஆனால் மழைக்காகக் கட்டிய கூடத்தில் வேறொன்று கிடைத்தது.

கிரகணம் சேர்த்து வைத்த ஜோடி

ஜான் எவர்ஷெட் 1864-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். சர்வகலாசாலைப் படிப்பு கிடையாது. லண்டனில் ஒரு கம்பெனி உத்தியோகம் பார்த்துக்கொண்டு, கென்லி என்ற ஊரில் தன் சொந்தக் கூடத்தில், சொந்தச் செலவில் சூரியனைப் பார்த்தவர். கருவிகளைத் தானே கழற்றி மாட்டிச் செப்பனிடும் கைத்திறமை அவருக்கு இயல்பாகவே இருந்தது. 1898-ல் ஒரு முழு சூரிய கிரகணத்துக்காக இந்தியாவுக்கு வந்துபோயிருக்கிறார்.

மேரி ஆக்வொர்த் ஓர் 1867-ல் பிறந்தவர். இளவயதில் இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரத்தில் தங்கியபோது, தாந்தே என்ற பழைய கவியின் காவியத்தில் வரும் நட்சத்திர விவரங்கள் அவரை இழுத்தன. பிறகு குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போனார். அங்கே தெரியும் தென்வானத்து நட்சத்திரங்களுக்கு எளிதான வழிகாட்டி எதுவும் இல்லையே என்று தானே ஒன்று எழுதினார். அது 1896-ல் அச்சாயிற்று. அதே 1896-ல் நார்வே நாட்டுக்குக் கிரகணம் பார்க்கப் போனார். போன இடத்தில் மேகம் மூடிக் கிரகணம் தெரியவில்லை. ஆனால் அந்தப் பயணத்தில்தான் ஜான் எவர்ஷெட்டின் அறிமுகம்!

கல்யாணம் அதற்குப் பத்து வருஷம் கழித்து, 1906-ல். அவருக்கு வயது 42, அவளுக்கு 39. நம் ஊரில் இருந்திருந்தால் என்னவெல்லாம் பேசியிருப்பார்களோ! அதே வருஷம் கொடைக்கானலில் துணை டைரக்டர் வேலை வந்தது. போகிற வழியில் அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு, அங்கே மவுண்ட் வில்சன் மலையில் ஜார்ஜ் எல்லெரி ஹேல் என்ற பெரிய விஞ்ஞானியின் கூடத்தையும் பார்த்துவிட்டு, 1907 ஜனவரியில் கொடைக்கானல் வந்து சேர்ந்தார்கள். அப்போது மலைக்கு மோட்டார் பாதை கிடையாது. அம்மையநாயக்கனூரில் ரயிலை விட்டு இறங்கி, அடிவாரம் வரை மாட்டுவண்டி. பிறகு குதிரை, டோலி, இல்லாவிட்டால் கால்நடை. கண்ணாடி லென்ஸும் பெட்டியும் மலையேறியது இப்படித்தான்.

வானவில் புடவையில் கறுப்பு இழை

அவர்கள் செய்த வேலை என்ன என்று புரிய வேண்டுமானால் ஒன்றே ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

சூரிய ஒளியைப் பட்டைக் கண்ணாடி வழியே விட்டால் ஊதாவிலிருந்து சிவப்பு வரை நிறங்களாகப் பிரியும். இதற்கு நிறமாலை என்று பெயர். நல்ல கருவியில் பெரிதாக்கிப் பார்த்தால் அதன் குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடுகள் நூற்றுக்கணக்கில் தெரியும். வானவில் நிறத்தில் நெய்த புடவையில் அங்கங்கே ஒரு கறுப்பு இழை ஓட்டியது மாதிரி. ஒவ்வொரு கோடும் ஒரு பொருளின் அடையாளம்: இது இரும்பு, இது கால்சியம், இது சோடியம் என்று சொல்லிவிடலாம்.

அந்தக் கோடு எப்போதும் தன் இடத்திலேயே இருக்காது. ஸ்டேஷனில் நிற்கும்போது ரயில் நம்மை நோக்கி வருகையில் விசில் கீச்சென்றும், தாண்டிப் போனதும் கனத்தும் கேட்கிறதல்லவா? ஒளியும் அப்படித்தான். ஒளிவிடும் வாயு நம்மை நோக்கி வந்தால் கோடு ஊதாப் பக்கம் மயிரிழை நகரும். விலகிப் போனால் சிவப்புப் பக்கம் நகரும். அந்த மயிரிழையை அளந்தால், பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் வாயு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று தெரிந்துவிடும்!

இன்னொன்றும் உண்டு. பலமான காந்தத்தின் பிடியில் இருக்கும் வாயுவின் கோடு ஒன்றாக இல்லாமல் இரண்டாகவோ மூன்றாகவோ பிளக்கும். இதை 1896-ல் ஹாலந்து நாட்டு ஸீமன் கண்டுபிடித்தார். 1908-ல் அமெரிக்காவில் ஹேல், சூரியப் புள்ளியின் கோடுகள் இப்படிப் பிளந்திருப்பதைக் கண்டு, புள்ளி என்பது ஒரு பிரம்மாண்டமான காந்தம் என்று அறிவித்தார். புள்ளிக்குள் வாயு சுழல்காற்று மாதிரி சுற்றுகிறது, அதனால்தான் காந்தம் உண்டாகிறது என்பது அவர் எண்ணம்.

எவர்ஷெட் தேடப் புறப்பட்டது அந்தச் சுழற்சியை. மத்து கடையும்போது மோர் சுற்றுமே, அந்த மாதிரி சுற்றினால் புள்ளியின் ஒரு பக்கத்து வாயு நம்மை நோக்கி வரும், எதிர்ப்பக்கம் விலகும். கோடும் அதற்கேற்றாற்போல் சாய வேண்டும். 1909 ஜனவரியில் நல்ல பெரிய புள்ளிகள் கிடைத்தன. கோடு சாய்ந்துதான் இருந்தது, ஆனால் எதிர்பார்த்த திசையில் இல்லை! புள்ளி சூரியனின் விளிம்புப் பக்கம் இருக்கும்போது நன்றாகச் சாய்கிறது. அதே புள்ளி சூரியன் சுழலச் சுழல நடுவுக்கு வந்து நமக்கு நேராக நின்றால் சாய்வே இல்லை.

தரையில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்துப் பாருங்கள். நடுவிலிருந்து நாலு பக்கமும் பரவும். மாடியிலிருந்து நேர் கீழாகப் பார்க்கிறவளுக்குத் தண்ணீர் கிட்டே வருவதும் இல்லை, தூரப் போவதும் இல்லை. தரையோடு உட்கார்ந்து பக்கவாட்டில் பார்க்கிறவளுக்குப் பாதித் தண்ணீர் தன்னை நோக்கி வரும், பாதி விலகி ஓடும். எவர்ஷெட் கண்டது இதுதான். வாயு சுழலவில்லை. புள்ளியின் கருமையான நடுவைச் சுற்றி ஒரு சாம்பல் நிறக் கரை இருக்கும். அந்தக் கரையில் வாயு உள்ளிருந்து வெளிப்பக்கமாக, கிடைமட்டமாகப் பரவுகிறது. வேகம் வினாடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர். கொடைக்கானலிலிருந்து பழனிக்கு மலைப்பாதையில் 64 கிலோமீட்டர் இருக்குமா? அதை அரை நிமிஷத்தில் கடக்கிற வேகம்!

பெரியவர் சொன்னதற்கு விரோதமாக இருக்கிறதே என்று அவர் மூடி மறைக்கவில்லை. கொடைக்கானல் கூடத்தின் வெளியீட்டிலேயே அந்த வருஷம் அச்சிட்டார். பிறகு மவுண்ட் வில்சன்காரர்களும் பார்த்து, 1913-ல் உறுதி செய்தார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்கச் சூரியனைப் படிக்கிறவர்கள் அதை 'எவர்ஷெட் விளைவு' என்றுதான் சொல்கிறார்கள். சர்வகலாசாலைப் பட்டம் இல்லாதவரை 1915-ல் லண்டன் ராயல் சொஸைட்டி அங்கத்தினராக்கியது. 2008-ல் நம் தபால் இலாகா இந்தக் கண்டுபிடிப்புக்கு ஒரு ஸ்டாம்பே வெளியிட்டது.

நெருப்பில் காந்தம், பனியில் காந்தம்

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வர வேண்டும். எனக்கு வந்தது. இரும்புக் காந்தத்தை 770 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் காய்ச்சினால் காந்த சக்தி போய்விடும். சூரியனின் மேல்பரப்போ சுமார் 5,500 டிகிரி. அங்கே எப்படிக் காந்தம்?

அது கட்டிக் காந்தம் இல்லை. கம்பியில் மின்சாரம் ஓடினால் அதைச் சுற்றிக் காந்த சக்தி உண்டாகும். நம் வீட்டு மிக்ஸி, மின்விசிறி எல்லாம் சுற்றுவது அதனால்தான். சூரியனில் கம்பிக்குப் பதில் மின்னூட்டம் ஏறிய வாயுவே ஓடிக்கொண்டிருக்கிறது. புள்ளியில் காந்தம் அவ்வளவு கெட்டியாக இருப்பதால், உள்ளேயிருந்து கொதித்து மேலே வர வேண்டிய சூடான வாயுவைத் தடுத்துவிடுகிறது. உலைக்குத் தட்டு போட்ட மாதிரி. அதனால் அந்த இடம் மட்டும் 4,000 டிகிரி அளவுக்கு ஆறி, சுற்றிலும் இருக்கும் பிரகாசத்தில் கறுப்பாகத் தெரிகிறது. பூமியின் காந்தம் அரை காஸ் என்ற அளவுக்குள் அடங்கும். சூரியப் புள்ளியில் 2,000, 3,000 காஸ். எவர்ஷெட் கண்ட ஓட்டமும் அந்தக் காந்தம் சாய்வாகப் படிந்திருக்கும் வழியிலேயே நடக்கிறது என்பது பின்னால் தெரிந்தது. முழு விவரத்தையும் இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

அதைவிடப் பலமான காந்தம் நம் ஊர் ஆஸ்பத்திரியில் இருக்கிறது, தெரியுமோ? எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மெஷின்தான்! சாதாரணமாக அதில் 15,000 காஸ். இது சூரியனுக்கு நேர் எதிர் வழி. நியோபியம், டைட்டானியம் கலந்த கம்பிச் சுருளைத் திரவ ஹீலியத்தில் மூழ்கவைத்து, பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரிக்குக் குளிர வைக்கிறார்கள். அந்தக் குளிரில் மின்சாரம் கொஞ்சமும் சேதாரமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் 'மீகடத்தி' என்று இருக்கிறதே, சூப்பர் கண்டக்டர், அது இதுதான். ஹாலந்தில் காமர்லிங் ஆனஸ் 1908-ல் ஹீலியத்தைத் திரவமாக்கி, 1911-ல் இந்தக் குணத்தைக் கண்டுபிடித்தார். கொடைக்கானலில் எவர்ஷெட் கோட்டை அளந்துகொண்டிருந்த அதே வருஷங்கள்! அந்த ஹீலியமே முதலில் சூரியனின் நிறமாலையில் ஒரு மஞ்சள் கோடாகத்தான் தெரியவந்தது. 1868-ல் நம் பக்கத்துக் குண்டூரில் கிரகணம் பார்த்த ஜான்ஸனின் கவனிப்புகள் அதற்கு ஒரு ஆரம்பம். பூமியில் அது அகப்பட்டது 1895-ல்தான்.

ஸ்கேனுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காந்தம், மெஷின் சத்தம் போடாமல் சும்மா இருக்கும்போதும் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். ஹேர்பின், ஸேஃப்டி பின், மெட்டி, சாவிக்கொத்து எதுவும் உள்ளே கூடாது. கூட வருகிறவர்களுக்கும் இது பொருந்தும். இருதயத்தில் பேஸ்மேக்கரோ, உடம்புக்குள் உலோகத் தகடோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மேரி செய்தது

இப்போது மேரிக்கு வருகிறேன். எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே இவள் பகுதிதான்.

சூரியனின் விளிம்பில் செந்நிற ஜுவாலைகள் எழும்பும். சில மணிக்கணக்கில் அடங்கும், சில நாள்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும். இவற்றை வகைப்படுத்திப் பார்த்தவள் மேரி. புள்ளிகளை ஒட்டி எழும் ஜுவாலைகள் எப்படி நடந்துகொள்கின்றன என்று 1913-ல் தன் பேரிலேயே ஒரு கட்டுரை எழுதினாள். அது லண்டனின் ராயல் அஸ்ட்ரனாமிகல் சொஸைட்டியின் பத்திரிகையில் வந்தது. வேடிக்கை என்னவென்றால் அந்தச் சொஸைட்டி அப்போது பெண்களை அங்கத்தினராகச் சேர்ப்பதே இல்லை! 1916-ல்தான் கதவைத் திறந்தார்கள். மேரி உள்ளே போனது 1924-ல், ஆராய்ச்சிக் காலமெல்லாம் முடிந்து ஊர் திரும்பிய பிறகு.

1917-ல் கொடைக்கானல் கூடத்தின் பெரிய வெளியீடாக ஒரு தொகுப்பு வந்தது. 1890-லிருந்து கென்லியில் ஜான் வரைந்து வைத்ததும், 1904 முதல் 1914 வரை கொடைக்கானலில் எடுத்ததுமாக, இருபத்தைந்து வருஷத்து ஜுவாலைக் கணக்கு. எந்த அட்சரேகையில் எத்தனை, எந்த வருஷத்தில் எத்தனை, கிழக்கு விளிம்பில் அதிகமா மேற்கு விளிம்பில் அதிகமா என்று வரிசை வரிசையாக எண்கள். பால் கணக்கும் மளிகைக் கணக்கும் வருஷக்கணக்காக எழுதி வருகிறவர்களுக்குத்தான் அந்த வேலையின் அலுப்பு தெரியும். ஒரு நாள் விட்டுப்போனாலும் மாசக் கூட்டல் உதைக்கும்! அந்த வெளியீட்டின் முகப்பில் இரண்டு பேரின் பெயரும் இருக்கிறது. இதைச் செய்ததற்காக ஜானைப் பாராட்டத் தோன்றுகிறது. அந்தக் காலத்தில் மனைவியின் உழைப்பை முன்னுரையில் ஒரு 'நன்றி'யோடு முடித்துக்கொண்ட விஞ்ஞானிகள் எத்தனையோ பேர்.

இத்தனைக்கும் நடுவில் தாந்தேயை விடவில்லை. அந்தக் கவிக்குத் தெரிந்திருந்த வானசாஸ்திரம் என்ன என்று ஒரு தடிப் புத்தகம், கொடைக்கானலில் இருந்த வருஷங்களிலேயே எழுதி வெளியிட்டாள். இன்றும் அறிஞர்கள் அதைப் புரட்டுகிறார்கள். 1923-ல் கணவர் ஓய்வு பெற்றதும் இங்கிலாந்து திரும்பினார்கள். சந்திரனில் உள்ள பள்ளங்களுக்குப் பெயரானவர்கள் யார் யார் என்று 1938-ல் இன்னொரு புத்தகம் கொண்டுவந்தாள். 1949-ல் காலமானாள். ஜான் 92 வயது வரை இருந்து 1956-ல் போனார்.

இன்றைக்கு அங்கே

கூடம் இப்போது பெங்களூரிலுள்ள இந்திய வான்பௌதிகக் கழகத்தின் கையில். அந்தப் பழைய கண்ணாடித் தகட்டுப் படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்கள். நூறு வருஷத்துக்கு மேலாக ஒரே இடத்திலிருந்து எடுத்த படம் என்பதால் வெளிநாட்டு விஞ்ஞானிகளும் கேட்டு வாங்குகிறார்கள். 2023 செப்டம்பரில் நாம் அனுப்பிய ஆதித்யா எல்-1 விண்கலத்தின் முக்கியமான கருவி ஒன்றைச் செய்ததும் இதே கழகம்தான்.

புள்ளி என்னமோ சூரியனில்தானே, நமக்கென்ன என்றால், அங்கே காந்த முறுக்கு அவிழ்ந்து வெடிக்கும்போது இங்கே பூமியின் காந்தமும் ஆட்டம் காணும். 1989 மார்ச் 13-ம் தேதி கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இப்படித்தான் சுமார் 60 லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் கரண்ட் இல்லை. அந்தக் குளிரில் கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு என்ன பாடு பட்டார்களோ!

நாங்கள் குடும்பத்தோடு போனபோது அங்குள்ள காட்சிக்கூடத்தில் கண்ணாடி வழியாகச் சூரியனைத் திரையில் விழச் செய்து காட்டினார்கள். பக்கத்தில் நிறமாலையும் கறுப்புக் கோடுகளும். எங்கள் வீட்டுக்காரர் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு டீக்கடையைத் தேடிப் போய்விட்டார். என் ஓரகத்தி பெண்தான் நகரவே மாட்டேன் என்றாள். "பெரியம்மா, மேரி அம்மா போட்டோ எங்கே?" என்று சுவரெல்லாம் தேடினாள். வழியில் நான் சொல்லிக்கொண்டே வந்த கதை!

பிள்ளைகளுக்கு வீட்டிலும் காட்டலாம். வெறுங்கண்ணாலோ, கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே பிலிம் வைத்தோ சூரியனைப் பார்க்கவே கூடாது. விழித்திரை வெந்துபோகும், வலிகூடத் தெரியாது. ஒரு அட்டையில் ஊசியால் துளை போட்டு, வெயிலை அதன் வழியே இன்னொரு வெள்ளைக் காகிதத்தில் விழவிடுங்கள். இரண்டுக்கும் ஒரு மீட்டர் இடைவெளி இருந்தால் சுமார் 9 மில்லிமீட்டர் அகலத்தில் சூரியனின் உருவம் விழும். புள்ளிகள் தெரிகிற அளவுக்குத் துல்லியம் இருக்காது, கிரகணம் நன்றாகவே தெரியும். 2019 டிசம்பர் 26-ல் திண்டுக்கல் பக்கம் வளையக் கிரகணம் தெரிந்ததே, அடுத்து 2031 மே 21-ல் தென் தமிழகத்தின் சில ஊர்களில் தெரியப் போகிறது.

கூடத்துக்குப் போவதானால் காலையிலேயே போய்விடுங்கள். அனுமதி நேரத்தைப் போகுமுன் விசாரித்துக்கொள்வது நல்லது. மத்தியானத்துக்கு மேல் மலையில் மூடுபனி இறங்கிவிட்டால் திரையில் சூரியன் விழாது.